தன் கதையைத் தானே சொல்லும் வரலாற்று மனிதர் யாரிடம் சொல்கிறார்?

பள்ளி ஆண்டு விழாவில் மாறுவேடப் போட்டி பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். முண்டாசு கட்டி, கறுப்புக் கோட்டு மாட்டி, மையால் மீசை வரைந்த ஒரு பொடியன் மைக் முன்னால் வந்து நிற்பான். “என் பெயர் சுப்பிரமணிய பாரதி. நான் 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் தேதி எட்டயபுரத்தில் பிறந்தேன்” என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பான். கைதட்டல் அள்ளும். ஆறு வயதுப் பிள்ளை செய்தால் அழகுதான். ஆனால் பெரியவர்கள் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, அரங்கம் பிடித்து, டிக்கெட் போட்டு நடத்தும் ஓராள் நாடகங்களிலும் பல இதே இடத்தில்தான் நிற்கின்றன. வேடம் கனகச்சிதம், குரல் கணீர், பேசுவதெல்லாம் பாடப்புத்தகம். பிறந்த ஊர், படித்த பள்ளி, சிறை சென்ற ஆண்டு என்று வரிசையாக வரும். பாரதி மனைவி செல்லம்மாளிடமோ நண்பர் பரலி நெல்லையப்பரிடமோ இப்படியா பேசியிருப்பார்?

வரலாற்று மனிதர் ஒருவரை ஒற்றை நடிகர் மேடைக்குக் கொண்டுவர நினைத்தால், முதலில் கவலைப்பட வேண்டியது ஒப்பனையைப் பற்றியல்ல. இந்த மனிதர் இப்போது யாரிடம் பேசுகிறார்? இத்தனை நாள் பேசாததை இன்றைக்கு ஏன் பேசுகிறார்? இந்த இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் பாதி நாடகம் எழுதி முடிந்த மாதிரி. கிடைக்காவிட்டால் எவ்வளவு ஆராய்ச்சி செய்தாலும் அது மேடையில் சொற்பொழிவாகத்தான் ஒலிக்கும். உலக அளவில் நிலைத்து நின்ற ஓராள் நாடகங்களை எடுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் இந்தக் கேள்வியைத் தனக்கென்று ஒரு வழியில் தீர்த்திருப்பது தெரியும்.

இந்த வகையில் மூத்த பிள்ளை என்று அமெரிக்க நடிகர் ஹால் ஹோல்புரூக்கைச் சொல்லலாம். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனாக அவர் மேடையேறிய ‘மார்க் ட்வைன் டுநைட்’ 1954-இல் பென்சில்வேனியாவின் லாக் ஹேவன் என்ற ஊரில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் தொடங்கியது. அப்போது ஹோல்புரூக்குக்கு வயது 29. மேடையில் அவர் காட்ட வேண்டியதோ 70 வயதுக் கிழவரை. அதற்கு முன் சில ஆண்டுகள் அவரும் மனைவியும் இரண்டு பேராக ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போய், வரலாற்றிலும் இலக்கியத்திலும் வரும் மனிதர்களை நடித்துக்காட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ட்வைனும் ஒரு சிறு துண்டு. குழந்தை பிறந்த பிறகு மனைவியால் பயணம் போக முடியவில்லை. இரண்டு பேர் நிகழ்ச்சி ஒருவர் நிகழ்ச்சியானது இப்படித்தான். இலட்சியம் என்றெல்லாம் பெரிதாக எதுவும் இல்லை, பிழைப்பு. ஓராள் நாடகங்களின் பிறப்புக் கதையில் பிழைப்புக்கு எப்போதும் ஒரு பங்கு உண்டு. ஒரு பெட்டி, ஒரு ஆள், ஒரு ரயில் டிக்கெட், அவ்வளவுதான் செலவு.

பகலில் தொலைக்காட்சித் தொடர், இரவில் நியூயார்க் கிரீனிச் வில்லேஜில் ஓர் இரவு விடுதியில் ட்வைன் வேடம் என்று ஹோல்புரூக் காலம் தள்ளினார். 1956-இல் எட் சல்லிவன் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைத்தார். 1959-இல் நியூயார்க்கில் முழு நிகழ்ச்சி பெயர் வாங்கியது. 1966-இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்குப் போய், அமெரிக்க நாடக உலகின் உயரிய விருதான டோனியும் பெற்றார். 2017-இல் தன் 92-ஆவது வயதில் ஓய்வு பெறும் வரை 2,000 தடவைக்கு மேல் அந்த மனிதராக நின்றிருக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது, ஆள் தேர்வு. ட்வைன் நிஜ வாழ்க்கையிலேயே மேடைப் பேச்சாளர். 1866-இல் சான் பிரான்சிஸ்கோவில் முதல் கட்டணச் சொற்பொழிவு. அச்சுக்கோக்கும் இயந்திரம் ஒன்றில் பணத்தைக் கொட்டி, பதிப்பகமும் மூழ்கி, கடன் கழுத்தை நெரித்தபோது 1895-96-இல் உலகம் சுற்றிப் பேசிச் சம்பாதித்தார். இந்தியாவுக்கும் இலங்கைக்கும்கூட வந்து போனார். ஆகவே யாரிடம் பேசுகிறார் என்ற கேள்வி ஹோல்புரூக்குக்கு எழவே இல்லை. ட்வைன் டிக்கெட் வாங்கிய கூட்டத்திடம் பேசினார், ஹோல்புரூக்கும் டிக்கெட் வாங்கிய கூட்டத்திடம் பேசினார். பார்வையாளர்கள் தாங்களாகவே 1905-ஆம் ஆண்டு ரசிகர்களாகிவிட்டார்கள். ஒன்றும் பாவனை செய்ய வேண்டியதில்லை.

ஒப்பனைக்கு ஆரம்ப காலத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். சுருக்கம், நரை, புருவம் எல்லாம் ஒட்டி முடித்தால்தான் 70 வயது வரும். ட்வைன் 74 வயதில் இறந்தவர். ஹோல்புரூக் அந்த வயதையும் தாண்டி நடித்துக்கொண்டே இருந்ததால், கடைசிக் காலத்தில் கதை தலைகீழாகிவிட்டது. கிழவரை நடிக்க இளைஞர் பட்ட பாடு போய், தன்னைவிட 20 வயது இளைய கிழவரை நடிக்க 90 வயதுக்காரர் துள்ள வேண்டியிருந்தது.

ட்வைனின் குரல் பதிவு எதுவும் இன்று இல்லை. 1909-இல் எடிசன் நிறுவனம் எடுத்த ஊமைப்படத் துண்டு ஒன்று மட்டும் உண்டு. அதில் வெள்ளை உடையில் சுருட்டோடு நடக்கிறார். மற்றதெல்லாம் கேட்டவர்கள் எழுதிவைத்தது: இழுத்து இழுத்துப் பேசுவார், சிரிக்கவைத்துவிட்டுத் தான் சிரிக்க மாட்டார், பேச்சின் நடுவே நிறுத்துவார். அந்த நிறுத்தத்தைப் பற்றி ட்வைனே ஒரு கட்டுரையில் விளக்கியிருக்கிறார். சரியான நீளத்துக்கு நிறுத்தினால் கதை பிழைக்கும், கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ செத்துப்போகும் என்பது அதன் சாரம். ஹோல்புரூக் பிடித்துக்கொண்டது இதைத்தான். குரலைப் போலச் செய்ய மாதிரி இல்லாத இடத்தில், அந்த மனிதர் யோசிக்கும் வேகத்தைப் பிடித்தார்.

வெள்ளை உடையிலும் சுருட்டிலும் ஒரு சின்னப் பொய் இருக்கிறது. ட்வைன் கட்டணச் சொற்பொழிவுகளில் கறுப்பு மாலை உடைதான் போடுவார். வெள்ளை உடையில் ஊரறிய வந்தது 1906 டிசம்பரில். மேடையில் அவர் புகைத்ததும் இல்லை. ஆனால் மக்கள் மனத்தில் இருக்கும் ட்வைன் வெள்ளை உடைக்காரர். சுருட்டோ நடிகருக்கு வாழ்வு. பற்றவைக்கலாம், அணைந்துவிட்டது என்று மறுபடி பற்றவைக்கலாம், சாம்பல் தட்டலாம். வசனம் மறந்துபோனால் எடுத்துக்கொடுக்கச் சக நடிகர் இல்லாத மேடையில், இது எவ்வளவு பெரிய துணை என்று நடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உடையில் பொய் சொல்லலாம், கருத்தில் சொல்லக்கூடாது என்பது என் கட்சி. ஹோல்புரூக்கும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொண்டார். ட்வைனின் வாயில் இன்றைய அரசியல்வாதி பெயரையோ இன்றைய செய்தியையோ அவர் திணிக்கவில்லை. பல மணி நேரத்துக்கான பகுதிகளை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, அன்றைய நாட்டு நிலவரத்துக்கு எது உறைக்குமோ அதைத் தேர்ந்தெடுப்பார். ட்வைனின் நாவலில், ஓடிப்போன அடிமை ஜிம்மைக் காட்டிக்கொடுப்பதா வேண்டாமா என்று சிறுவன் ஹக் ஃபின் தவிக்கும் பகுதியை, கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் கொதித்த 1960-களில் கேட்டவர்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸும் இதே ரகம். 1858 முதல் தன் கதைகளைத் தானே மேடையில் படித்துக் காசு பார்த்தவர். 1951-இல் நடிகர் எம்லின் வில்லியம்ஸ் டிக்கன்ஸாகத் தாடி வைத்து, அதே மாதிரி வாசிப்பு மேசை செய்து, அதே கதைகளைப் படித்தார். ஊர் சுற்றினார். இதில் நாடகாசிரியரின் வேலை கத்தரிப்பது மட்டும்தான்.

சரி, வீட்டைவிட்டே வெளியே வராதவரை என்ன செய்வது? அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் ஏறத்தாழ 1,800 கவிதைகள் எழுதியவர். உயிரோடு இருந்தபோது அச்சேறியவை பத்தோ என்னவோ. பிற்காலத்தில் மாசசூசெட்ஸில் ஆம்ஹர்ஸ்ட் என்ற ஊரில் இருந்த தன் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். வந்தவர்களைக் கதவு மறைவிலிருந்து பேசி அனுப்பியவர் முன்பின் தெரியாத ஆயிரம் பேர் முன்னால் இரண்டு மணி நேரம் பேசுகிறார் என்றால் அடிப்படையே இடிக்கிறது. 1976-இல் வில்லியம் லூஸ் எழுதி, ஜூலி ஹாரிஸ் நடித்த ‘த பெல் ஆஃப் ஆம்ஹர்ஸ்ட்’ இந்த இடிபாட்டையே வாசலாக்கிக்கொண்டது.

1870 ஆகஸ்டில் தாமஸ் ஹிக்கின்சன் என்ற எழுத்தாளர் எமிலியை முதல் தடவை நேரில் பார்க்கப் போனார். எட்டு வருடமாகக் கடிதத்தில் மட்டுமே பழக்கம். எமிலி வெள்ளை உடையில், கையில் இரண்டு அல்லிப் பூக்களோடு வந்து அறிமுகமாக அதை நீட்டினார். பயந்துபோயிருந்தால் மன்னிக்க வேண்டும், அந்நியரைப் பார்ப்பதே இல்லை, என்ன பேசுகிறேன் என்றுகூடத் தெரியாது என்றார். ஹிக்கின்சன் அன்றிரவே இதை மனைவிக்கு எழுதிவிட்டதால் நமக்குக் கிடைத்தது. லூஸ் அந்தப் பேச்சை எடுத்து நாடகத்தின் தொடக்கத்தில் வைத்தார். ஒரே ஒரு விருந்தாளியிடம் சொன்னதை அரங்கம் முழுவதையும் பார்த்து எமிலி சொல்கிறார், கையில் கேக்கோடு. இப்போது பார்வையாளர் ஒவ்வொருவரும் அந்த வீட்டுக்கு வந்த விருந்தாளி. கேக் செய்முறை, அப்பாவின் கண்டிப்பு, அக்கம்பக்கத்து வம்பு என்று கூச்சம் விலக விலகப் பேச்சு வளர்கிறது. கவிதை எப்போது உரையாடலிலிருந்து பிரிகிறது என்றே சில இடங்களில் தெரியாது. ஜூலி ஹாரிஸுக்கு 1977-இல் டோனி விருது கிடைத்தது.

இப்படி ஒரு சின்ன உண்மை போதும். ஆவணங்களைப் படிக்கும்போது நம்மவர்கள் ஆண்டையும் நிகழ்ச்சியையும் குறித்துக்கொள்கிறார்கள். குறிக்க வேண்டியது வேறு: இவர் யாரிடம் வாய்விட்டுப் பேசினார், எந்த நேரத்தில், எந்த அறையில், கையில் என்ன வைத்துக்கொண்டு?

டெல்லியில் எம். சயீத் ஆலம் எழுதி இயக்கி, டாம் ஆல்டர் நடித்த ‘மௌலானா ஆசாத்’ இதற்கு நல்ல உதாரணம். விடுதலைப் போராட்டத் தலைவர் ஆசாத் தன் வரலாற்றை உருதுவில் சொல்ல, எழுத்தாளர் ஹுமாயூன் கபீர் ஆங்கிலத்தில் எழுதினார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், டெல்லியில் இருக்கும் நாட்களில், மாலை நேரத்தில் இந்த வேலை நடந்தது. புத்தகத்தின் 30 பக்கங்களை மட்டும் உடனே வெளியிட வேண்டாம் என்று ஆசாத் சொல்லிவிட்டதால், அவை முத்திரையிட்டு வைக்கப்பட்டு 1988-இல்தான் வெளியே வந்தன. ஒரு நாடகாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? கேட்க ஒரு ஆள் இருக்கிறார், நிஜமாகவே இருந்தவர். மேடையில் அவர் தெரிய வேண்டியதில்லை. எழுதாதே என்று சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லலாம், சொன்னதை அடிக்கச் சொல்லலாம், காந்தியையும் நேருவையும் படேலையும் பற்றித் தயங்கித் தயங்கி வாய் திறக்கலாம். ‘நான் 1888-இல் மெக்காவில் பிறந்தேன்’ என்பதுகூட இங்கே இயல்பாகிவிடும். சுயசரிதை சொல்பவர் பிறந்த ஊரைச் சொல்லத்தானே செய்வார்? முசோரியில் அமெரிக்கப் பாதிரியார் குடும்பத்தில் பிறந்த வெள்ளைக்காரர் அந்த உருதுவைப் பேசியது தனி அதிசயம். ஆனால் நாடகத்தைத் தாங்கியது கண்ணுக்குத் தெரியாத அந்தக் கபீர்தான்.

மராத்தியில் சுஷமா தேஷ்பாண்டே 1989 முதல் நடித்த ‘வ்ஹய், மீ சாவித்ரிபாய்’ வேறு ரகம். ‘ஆமா, நான்தான் சாவித்ரிபாய்’ என்று பொருள். புனேயில் 1848-இல் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்த சாவித்ரிபாய் பூலே, பாடம் நடத்தப் போகும் வழியில் சாணியும் சேறும் வீசப்பட்டதால் மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு கொண்டுபோனவர். 1897-இல் பிளேக் நோயாளிகளைக் கவனித்து, அந்த நோயாலேயே இறந்தார். அவரைப் பற்றிய ஆவணங்கள் குறைவு. கணவர் ஜோதிராவுக்கு எழுதிய சில கடிதங்கள், கவிதைகள், மற்றவர்கள் சொன்னவை. பெரிய அரங்க அமைப்பு எதுவும் இல்லாமல், எங்கேயும் போடக்கூடிய இந்த நாடகம் கிராமங்களுக்குப் போனது. அங்கே உட்கார்ந்திருந்த பெண்களிடம் சாவித்ரிபாய் நேராகப் பேசினார். அவர்கள் 1848-இன் பெண்கள் என்று பாவனை செய்யத் தேவையில்லை. அவர்களிடம் பேசத்தான் அவர் வந்திருந்தார். ‘ஏன் இன்றைக்கு’ என்ற கேள்விக்கு இந்த நாடகத்தின் விடை, எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள்.

இந்த இடத்தில் நம் ஊர் சங்கதி ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. ஒரே ஆள் பல பேராக மாறி ஒரு வாழ்க்கையைச் சொல்வது தமிழுக்குப் புதிதில்லை. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தைக் கதாகாலட்சேபமாகச் செய்யும் பாகவதர், ஒரு கணம் நந்தனாராக நின்று கெஞ்சுவார், மறு கணம் வேதியராக அதட்டுவார், அப்புறம் பாகவதராகவே திரும்பிவந்து சபையைப் பார்த்து ஒரு உபகதை சொல்வார். கொத்தமங்கலம் சுப்புவின் காந்தி மகான் கதை வில்லுப்பாட்டாகப் பரவியதும் இந்த வழியில்தான். கதைசொல்லி ‘நான்தான் காந்தி’ என்று சொல்வதே இல்லை. அதனால் தேதி சொல்லலாம், பின்னணி சொல்லலாம், கேலி செய்யலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. இன்று தமிழில் வரலாற்று மனிதரை எடுத்து ஓராள் நாடகம் செய்பவர்கள் அமெரிக்க வழியையே பிடித்துக்கொண்டு, முழுக்க முழுக்க அந்த மனிதராகவே நிற்கப் பார்க்கிறார்கள். தகவலும் சொல்ல வேண்டும், பாத்திரமாகவும் இருக்க வேண்டும் என்ற இழுபறியில்தான் அந்தப் பாடப்புத்தக வசனம் முளைக்கிறது. பாகவதரின் உள்ளே-வெளியே வித்தையை எடுத்துக்கொண்டால் இந்தத் தலைவலி பாதி தீரும் என்று எனக்குப் படுகிறது.

அமெரிக்காவிலும் அந்த வித்தையைத் தேடிப் போனவர் ஒருவர் உண்டு, நாடகாசிரியர் டக் ரைட். பெர்லின் மால்ஸ்டோர்ஃபில் பழைய வீட்டுச் சாமான்களைச் சேர்த்து அருங்காட்சியகம் வைத்திருந்த சார்லட்டே, ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்ந்தவர். நாஜி ஆட்சியையும் கம்யூனிஸ்ட் ஆட்சியையும் தாண்டிப் பிழைத்தவர். ரைட் அவரை நேரில் சந்தித்துப் பல மணி நேரம் பேட்டி எடுத்தார். வீரக் கதை கையில் இருக்கிறது என்று நினைத்திருந்தபோது, கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறைக் கோப்புகளில் சார்லட்டே தகவல் கொடுப்பவராக இருந்தது வெளியானது. ரைட்டுக்கு எழுத்து நின்றுபோயிற்று. எது உண்மை என்று முடிவு செய்யவும் முடியவில்லை, விடவும் மனமில்லை. கடைசியில் அந்தத் தவிப்பையே நாடகத்துக்குள் போட்டார். தன்னையும் ஒரு பாத்திரமாக்கினார். ‘ஐ ஆம் மை ஓன் வைஃப்’ என்ற அந்த நாடகத்தில் ஜெஃபர்சன் மேஸ் ஒரே கறுப்பு உடையில், கழுத்தில் முத்துமாலையோடு, 30-க்கும் மேற்பட்டவர்களாக மாறினார். 2004-இல் அதற்குப் புலிட்சர் பரிசு. எந்தப் பெரிய மனிதரைத் தொட்டாலும் ஒன்றோடொன்று ஒத்துவராத சாட்சியங்கள் வரத்தான் செய்யும். நம் ஊரில் அப்படி வந்தால் வழக்கமாகச் சங்கடமானதை வெட்டிவிடுவோம். குடும்பத்தார் கோபித்துக்கொள்வார்கள், கட்சிக்காரர்கள் வந்து நிற்பார்கள் என்ற பயம் நியாயமானதும்கூட. ஆனால் வெட்டிய பிறகு மேடையில் மிஞ்சுவது சிலைதான்.

எழுதி முடித்த பிறகு உரிமைப் பிரச்சினை வரும். இந்தியச் சட்டப்படி ஒருவரின் எழுத்துக்கு அவர் இறந்த பிறகு 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு, மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து கணக்கு. காந்தியின் எழுத்து 2009-இல் பொதுவுக்கு வந்தது இப்படித்தான். பாரதி பாடல்களை அரசே 1949-இல் வாங்கிவிட்டது நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். நாட்டுடைமையான மற்றவர்களின் எழுத்திலும் தொல்லை இல்லை. ஆனால் கடிதங்களில் ஒரு பொறி இருக்கிறது. ஆசிரியர் இறந்த பிறகு முதல் தடவையாக அச்சான எழுத்துக்கு, அச்சான ஆண்டிலிருந்துதான் 60 ஆண்டு. நூறு வருடத்துக்கு முன் போனவரின் கடிதமும் சிக்கலாகலாம். 1886-இல் இறந்த எமிலியின் கவிதைகளுக்கே, 1955-இல் வந்த திருத்தப் பதிப்பின் பேரில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் உரிமை கோருகிறது. மார்க் ட்வைன் 1906-இல் அந்த வெள்ளை உடையோடு போய் நின்றதும் வேறெதற்கோ இல்லை, காப்புரிமைக் காலத்தை நீட்டிக்கச் சொல்லி வாஷிங்டனில் வாதாடத்தான்.

நீளம், மூச்சு, மனப்பாடம் பற்றியெல்லாம் நடிகர்கள் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று: நடிகர் எழுந்து நடப்பதற்கும் உட்காருவதற்கும் பாத்திரத்துக்குள்ளேயே காரணம் இருக்க வேண்டும். எமிலிக்குச் சமையலறை வேலை, ட்வைனுக்குச் சுருட்டு. காரணமில்லாமல் மேடையின் இடமிருந்து வலம் நடந்தால் ‘இயக்குநர் சொன்னார், நடக்கிறார்’ என்று கடைசி வரிசைக்கும் தெரிந்துவிடும்.

இன்னொரு சிக்கல், நடிகருக்குப் பிறகு நாடகம் என்ன ஆகும் என்பது. லூஸின் எமிலியைப் பிறகு எத்தனையோ பேர் நடித்துவிட்டார்கள், ஏனென்றால் அந்தப் பிரதிக்குள் விருந்தாளி உட்கார்ந்திருக்கிறார். யார் நடித்தாலும் அவரிடம் பேசலாம். சுஷமா தேஷ்பாண்டே தன் சாவித்ரிபாயை இளைய நடிகைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். ஹோல்புரூக்கின் ட்வைன் அப்படி இல்லை. அது அறுபது வருடம் ஒரே உடம்பில் ஊறியது, ஊருக்கு ஊர் மாறியது. 2021 ஜனவரியில் 95 வயதில் அவர் இறந்தார். 2025-இல் நடிகர் ரிச்சர்ட் தாமஸ் முறையான அனுமதியோடு அதே நாடகத்தை எடுத்துக்கொண்டு அமெரிக்கச் சுற்றுப்பயணம் கிளம்பினார். எழுபதைத் தாண்டியவர் என்பதால் கிழவராக மாற அவருக்கு மூன்று மணி நேர ஒப்பனை தேவையில்லை. ஆனால் எதிரில் இருப்பவர்களுக்கு ட்வைனோடு ஹோல்புரூக்கும் நினைவுக்கு வருவார். இரண்டு வரலாற்று மனிதர்களை ஒரே வேடத்தில் சுமக்கிற வேலை அது.